பெரு நாட்டை மொழிபெயர்த்தவர்

லண்டன் மனோர் பார்க் ஸ்டேஷன் வாசலில் அண்ணையிடம் வழி கேட்டவர்கள் யாரும் பதில் இல்லாமல் போனதில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பது வேறு கதை.

ஒரு சனிக்கிழமை, கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொல்லி அவரிடம் வழி கேட்டார். நான் பக்கத்தில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். அண்ணை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. நேரே போ, இரண்டாவது லைட்டில் இடது பக்கம், பள்ளிக்கூடம் தாண்டி வலது பக்கம் என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

"அண்ணை, அந்த ஹால் உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தம்பி, கேட்டு வந்த மனிசனை வெறுங்கையோட அனுப்பக் கூடாது. வீட்டுக்கு வாற ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்புவீரோ?"

அரை மணி நேரம் கழித்து அதே மனிதர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் போனார். அண்ணை கையை உயர்த்தி, கிடைத்ததா என்று அன்பாக விசாரித்தார். அவர் நடையை இன்னும் எட்டி வைத்தார்.

நான் அவர் வீட்டு மாடி அறையில் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தேன். ஊர் தூத்துக்குடி, கேனரி வார்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் மாதிரி "அண்ணை" என்று கூப்பிட ஒரே மாதத்தில் பழகிவிட்டேன். அவருடைய மனைவியை அக்கா என்பேன். அந்த ஐந்து வருடமும் "தெரியாது" என்ற ஒரு சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை, பெரு நாட்டு மலைக்குப் போகும்வரை. அந்த ஒரு தடவையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய அறிவுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. இயந்திரங்களுக்கு வரும் நோய் எல்லாம் காற்று; மனிதர்களுக்கு வரும் நோய் எல்லாம் வாயு. ஒரு ஜனவரி மாதம் வீட்டு பாய்லர் நின்றுவிட்டது. "உள்ள காத்து நிக்குது" என்று சொல்லி ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூன்று மாடியிலும் உள்ள ரேடியேட்டர்களைத் திறந்துவிட்டார். கீழே சமையலறையில் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நின்றது. பிளம்பர் வந்து, உள்ளே ஒரு பாகம் உடைந்திருக்கிறது என்று காட்டினார். அண்ணை அந்தப் பாகத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம், இதுக்குள்ள காத்துப் போயிருக்கு" என்றார்.

அக்கா துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தார். "காத்தை நீங்களே கூட்டித் தள்ளுங்கோ."

அக்கா அப்படித்தான். வீட்டுக்குள் என்றால் அண்ணை சொல்வதில் ஒரு சொல்லையும் தப்ப விடமாட்டார். ஆனால் வெளியாட்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் எதைச் சொன்னாலும் வாய் திறக்கமாட்டார். கோயிலில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் அவர் அளந்துகொண்டே போவார், அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பார். இதை ஒரு நல்ல பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பெருவுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததே யாரோ ஒருவருடைய முழங்காலால். லண்டனில் மிட்சம் என்ற பகுதியில் ஒரு தம்பதி, வருடத்துக்கு ஒருமுறை நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுச் சுற்றுலா போவார்கள். அந்த வருடம் பெரு. மலை, இன்கா மன்னர்களின் இடிபாடுகள், கடைசியில் மழைக்காடு. பதினாலு பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன் வந்து ஓர் இடம் காலியாகிவிட்டது. "தம்பி, நீரும் வாரும். சும்மா லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு இருந்து என்ன செய்யப் போறீர்?" என்றார் அண்ணை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பதினொரு வயதில் ஒரு பொது அறிவுப் புத்தகத்தின் பின்னட்டையில் மச்சு பிச்சு படத்தைப் பார்த்தவன் நான். அந்த அட்டையைக் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி அடி வாங்கியவன். அன்றே லீவு போட்டேன்.

அண்ணை எந்த ஆயத்தமும் செய்யவில்லை. "சுவிஸில ஒன்பது வருஷம் இருந்தனான் தம்பி. மலை எனக்குத் தெரியும். மலைக்கு மலை என்ன வித்தியாசம்?"

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "நீங்கள் இருந்தது ஆத்தங்கரையில. ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினனீங்கள்."

"யன்னலால மலை தெரிஞ்சது" என்றார் அண்ணை, கொஞ்சமும் அசராமல்.

குஸ்கோ நகரத்தில் விமானத்தை விட்டு இறங்கிப் பத்து அடி நடந்ததும் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அவ்வளவு உயரம். வானம் அடித்துத் துவைத்த நீலத்தில் இருந்தது. கோகா இலை போட்ட வெந்நீரைக் கொடுத்தார்கள். வழிகாட்டியாக வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். அந்த மலைக்காரி, கையில் குஸ்கோ ஊரின் வானவில் கொடி. அவள் ஆங்கிலத்தை ஸ்பானிஷ் ராகத்தில் பேசினாள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது பிடிபடவில்லை. வட லண்டன் எட்மண்டனிலிருந்து வந்திருந்த எழுபத்தைந்து வயது மாமா ஒருவர், காதில் கை வைத்துக் கேட்டார்.

"அவ என்ன சொல்லுறா?"

அந்தக் கேள்வி போதும். அண்ணையின் விரல் எழுந்தது. அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்கு இரண்டு சுற்றுலா நடந்தது.

குஸ்கோவுக்கு மேலே மலையில் ஒரு பிரமாண்டமான கல்கோட்டை. ஒவ்வொரு கல்லும் ஒரு அறை அளவு. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் பஸ் டிக்கெட்டைக்கூடச் சொருக முடியாது. நான் சொருகிப் பார்த்தேன். வழிகாட்டிப் பெண் சொன்னாள்: இவற்றை எப்படிக் கொண்டுவந்தார்கள், எப்படி இப்படி இழைத்துப் பொருத்தினார்கள் என்று பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள், உண்மையில் யாருக்கும் தெரியாது.

அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "அதாவது, மாரி காலத்தில சேறு வழுக்கும். சேத்தில விட்டுத் தள்ளிக் கொண்டு வந்தது. இந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கேல்லை. எங்கட பக்கத்தில இருந்துதான் கப்பல்ல கூட்டிக்கொண்டு வந்தவை."

"எந்தத் துறையில இருந்து?" என்றார் எட்மண்டன் மாமா.

"காங்கேசன்துறை. வேற எது?"

நான் ஒரு கல்லுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். திரும்பி வந்து பார்த்தால் மாமா அந்தக் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு பேர் கண்ணைத் துடைக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் என்னிடம் மெதுவாக வந்து, அவர் என்ன சொன்னார், இவர்கள் இவ்வளவு உருகுகிறார்களே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கொஞ்சம் பின்னணி விளக்கினார் என்றேன்.

உண்மையைச் சொன்னால், அவளுடைய சுற்றுலாவை விட அவருடையது சுவையாக இருந்தது. அவளுடையதில் கேள்விகள் இருந்தன. "யாருக்கும் தெரியாது" என்று அவள் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொன்னாள். அந்த வாக்கியம் மட்டும் ஒருமுறைகூடத் தமிழுக்கு வந்து சேரவில்லை. தமிழில் அந்த நாட்டில் மர்மம் என்று ஒன்றுமே இல்லை. இந்தக் கூத்தை முழுதாக ரசிக்க எனக்கு மட்டும்தான் கொடுத்து வைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தையில் ஊதா நிற உருளைக்கிழங்கு ஒன்றைக் காட்டி வழிகாட்டி எதையோ விளக்கியபோது, மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே அக்கா தலையாட்டியதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், யோசிக்கவில்லை.

மச்சு பிச்சுவில் விடிகாலை வெறும் பனிமூட்டம். பதினாலு பேரும் மூக்கு நுனிகூடத் தெரியாமல் நின்றோம். அண்ணை, "இன்னும் பத்து நிமிசத்தில விலகும்" என்றார். பத்தாவது நிமிடம் விலகியது! அவர் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான், அதுவும் பலித்த நேரம் பாருங்கள். பச்சைச் செங்குத்து மலை, அதன் மடியில் படிபடியாகக் கல் வீடுகள், கீழே தலை சுற்றும் பள்ளத்தில் ஆறு. "முருகா!" என்று யாரோ கத்தினார்கள். நான் கத்தினேனா அழுதேனா எனக்கே நினைவில்லை. என் அலமாரிக் கதவு அகலத் திறந்து நான் உள்ளே நின்றேன்.

அங்கே ஒரு சூரியன் கோயில் இருக்கிறது. கோயில் என்ற சொல் அண்ணை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், எட்மண்டன் மாமா செருப்பைக் கழற்றினார். அடுத்து அக்கா. அடுத்து எல்லோரும். கோயிலுக்குள் செருப்போடு போவார்களா? பதினாலு சோடியையும் பாதை ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் பயபக்தியோடு நடந்தோம். பாதை வளைந்து இறங்கி வெகு தூரம் போன பிறகுதான் வழிகாட்டி எங்கள் கால்களைப் பார்த்தாள். அங்கே எல்லாமே ஒருவழிப் பாதை. வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள். காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். அவள் கும்பிடாத குறையாக அவரிடம் பேசினாள். கடைசியில் இரண்டு காவலர்கள் எங்கள் காலணிகளைச் சாக்குப் பையில் போட்டுத் தோளில் சுமந்து வந்தார்கள்.

அதுவரைக்கும் ஐஸ் மாதிரி குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நின்றோம். "ஒண்டும் செய்யாது" என்றார் அண்ணை. "கல்லில காந்தம் இருக்கு. நரம்புக்கு நல்லது." பதின்மூன்று பேரும் நம்பிக் காலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்கள். நானும்தான். அந்த நாள் மாதிரி நான் சிரித்த நாள் என் வாழ்க்கையில் இன்னொன்று இல்லை.

அடுத்த நாள் மாலை, விடுதிச் சாப்பாட்டு அறையில் வழிகாட்டிப் பெண் எழுந்து நின்றாள். அன்று அவள் கையில் கொடி இல்லை. நாளை ஒரு பனிமலை ஏரிக்குப் போகிறோம், இதுவரை போனதிலேயே அதிக உயரம் என்றாள். மெதுவாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், இலேசான தலைவலி வரலாம். காலையிலேயே யாருக்காவது முடியவில்லை என்றால் கீழேயே இருந்துவிடுங்கள். ஆனால் யாருக்காவது பேச்சுக் குழறினாலோ, குடித்தவர் போலத் தள்ளாடினாலோ அந்த நொடியே என்னிடம் சொல்லுங்கள். உடனே கீழே இறங்கிவிட வேண்டும், காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

"அவ என்ன சொல்லுறா?"

"நாளைக்குக் கொஞ்சம் உயரமாம்" என்றார் அண்ணை. "தலை இடிக்கும். அது வாயு. இஞ்சித் துண்டொண்டைக் கடிச்சுக்கொண்டு இருந்தால் சரி. இடையில பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லிக் கரைச்சல் குடுக்க வேண்டாமாம்."

நான் இரண்டையும் கேட்டேன். வாயில் சூப் இருந்தது. சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறியது. எழுந்து, "அப்படிச் சொல்லலை அண்ணை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பெரியவர்கள் முன்னால், நான் குடியிருக்கும் வீட்டுக்காரரை, வயதில் சின்னவன் எப்படித் திருத்துவது? இப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சூப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பஸ் ஏற ஏறக் கூச்சலும் பாட்டும்தான். வெயிலில் பனிச்சிகரங்கள் பளபளத்தன. லாமாக் கூட்டம் ஒன்று காதில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு பாதையை மறித்தது. மாமா இறங்கி அவற்றோடு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். எல்லோரும் இறங்கினோம். அக்கா கடைசியாக இறங்கினார். நேராக நடக்க வேண்டியவர் சாய்ந்து சாய்ந்து ஓரமாகப் போனார். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கைக்குள் ஒரு இஞ்சித் துண்டு.

"இஞ்சேருங்கோ, மூண்டு மணியாச்சு" என்றார் குழறிக்கொண்டே. "பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

அவர்களுடைய ஒரே மகளுக்கு இருபத்தெட்டு வயது. கனடாவில் இருக்கிறாள்.

வழிகாட்டி ஓடிவந்து மண்டியிட்டாள். அண்ணையைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள். எப்போதிலிருந்து இப்படி? வாந்தி எடுத்தாரா? தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதயத்துக்கா, இரத்த அழுத்தத்துக்கா? அதற்குள் எட்மண்டன் மாமா பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இது தலைச்சுத்துக்கு நல்ல குளிசை. குடுக்கலாமோ?" ஓட்டுநர் ஏதோ சொன்னார், இன்னும் மேலே ஏறிக் கணவாயைத் தாண்டி முக்கால் மணி தூரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்த வீடு இருக்கிறதாம், அங்கே கட்டில் இருக்கிறதாம். யாரோ, "அப்ப அங்கேயே போய்ப் படுக்க வைப்பமே அண்ணை?" என்றார்கள்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பழக்கம். பத்து நாளாக எல்லாவற்றுக்கும் விடை அங்கிருந்துதான் வந்தது.

விரல் எழுந்தது.

எனக்கு அந்த விரலைத் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தத் தடவை குறுக்கே விழுந்தாவது தடுத்துவிட வேண்டும் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். விரல் அப்படியே நின்றது. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விரல் மடங்கிக் கை கீழே இறங்கியது.

"எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் வழிகாட்டியைப் பார்த்து ஆங்கிலத்தில் அதையே சொன்னார், இரண்டு தடவை. "முப்பது வருஷம். என்ன குளிசை போடுறவ எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை." மாமாவின் கையைத் தள்ளினார். "குடுக்காதேங்கோ. நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. என்னை ஒண்டும் கேக்காதேங்கோ. அந்தப் பிள்ளை சொல்லுறதைச் செய்வம்."

அவள் ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. பஸ்ஸைத் திருப்பச் சொன்னாள். ஆக்சிஜன் புட்டியைத் திறந்து அதன் மூக்குமூடியை அக்காவின் முகத்தில் வைத்தாள். இறங்கும் வழி முழுக்க அந்த மூடியை அண்ணைதான் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் ஏதாவது பேசும்போதெல்லாம் என் பக்கம் திரும்பினார். அவருக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. அன்று தன் காதை அவர் நம்பவில்லை.

"தம்பி, அவ என்ன சொல்லுறா? அவ சொன்னதை மட்டும் சொல்லும்."

நான் சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

பள்ளத்தாக்கை நெருங்க நெருங்க அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியது. சோளக்கொல்லைகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் கண்ணைத் திறந்து, "ஏன் அழுறியள்? சனம் பாக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர், அக்காவின் கைப்பையில் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார். அந்த மாமாவின் மாத்திரையைக் கொடுக்காததும் மேலே போகாததும்தான் காப்பாற்றியது என்றார்.

மறுநாள் காலை விடுதி முற்றத்தில் வெயிலில் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பிள்ளை அண்டைக்கு இரவு சொன்னது எனக்கு விளங்கினது தம்பி" என்றார். "இருவது வருஷமா வயசுபோன ஆக்களைப் பாக்கிற கெயார் ஹோமில வேலை. இங்கிலீஷ் விளங்காமல் இருக்குமோ? காலமையே எனக்குத் தலை சரியில்லை."

"அப்ப ஏன்க்கா சொல்லலை?"

"அவர் அவ்வளவு பேருக்கு முன்னால ஒண்டு சொல்லிப்போட்டார். நான் எப்பிடி மாத்திச் சொல்லுறது?" என்னைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். "உமக்கும் விளங்கினதுதானே?"

"ஆமா, அக்கா" என்றேன்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் அண்ணை இரண்டு கோப்பைத் தேநீரோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கோப்பைகளை எங்கள் இருவர் முன்னாலும் வைத்தார். அக்காவின் கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். விடுதிக் காகிதத்தில் ஒவ்வொரு பெயராக, எழுத்துக்கூட்டி, எழுதத் தொடங்கினார்.

லண்டன் திரும்பிய பிறகு அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். அடுத்த குளிர்காலத்தில் பாய்லர் நின்றபோதும் உள்ளே காற்றுதான் நின்றது. ஆனால் அந்தக் காகிதம் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் ஒரு அம்மா வழி கேட்டபோது, "சரியாத் தெரியேல்லை, வாங்கோ, கேப்பம்" என்று சொல்லிவிட்டு அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். வெறுங்கையோடு அனுப்ப மட்டும் அவருக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. பிறகு நான் வேலை மாறி வேறு ஊர் போனேன். அவர்கள் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மழைக்காட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அக்கா இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகு, தாழ்வான இடத்துக்குப் போவது நல்லதுதான் என்று டாக்டர் சொல்ல, விமானம் ஏறி அமேசான் பக்கம் இறங்கினோம். வெக்கை, ஈரம், காற்று! நெஞ்சு நிறைய இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த காற்று. மோட்டார்ப் படகில் பழுப்பு ஆற்றில் போனோம். குரங்குகள் மரத்துக்கு மரம் எங்களோடு ஓடி வந்தன. அண்ணை வாய் திறக்கவில்லை. "தம்பி சொல்லுவார்" என்று மொழிபெயர்ப்பை என்னிடம் விட்டுவிட்டார். கூட்டத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"நீர் சொல்லுறது ரேடியோச் செய்தி மாதிரி இருக்கு" என்றார் எட்மண்டன் மாமா.

கடைசி நாள் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்தார்கள். எதிரே செங்குத்தான களிமண் சுவர். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல், இன்னொன்று. அப்புறம் ஒரேயடியாக வானம் கிழிந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், ஒரு முழ நீள வால். நூற்றுக்கணக்கில் பஞ்சவர்ணக் கிளிகள்! சுற்றிச் சுற்றி வந்து அந்தச் சுவரில் அப்பிக்கொண்டு மண்ணைக் கொத்தித் தின்னத் தொடங்கின. மாமா என் தொடையைப் பிடித்து அமுக்கினார்.

வழிகாட்டி கிசுகிசுத்தாள். இவை ஏன் மண்ணைத் தின்கின்றன? உப்புக்காக என்கிறார்கள் சிலர், காய்களில் உள்ள நஞ்சை முறிக்க என்கிறார்கள் சிலர். உறுதியாக யாருக்கும் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார். அண்ணையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சேருங்கோ. நீங்கள் சொல்லுங்கோ."

அவர் அக்காவைப் பார்த்தார். வழிகாட்டியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். விரல் எழவில்லை, இரண்டு கையும் மடியில் இருந்தன.

"உப்புக்கெண்டு சில பேர் சொல்லுகினமாம். நஞ்சை முறிக்கவெண்டு சில பேர் சொல்லுகினமாம்" என்றார். "ஏனெண்டு வடிவா ஆருக்கும் தெரியாதாம்."

"ஒருத்தருக்குமோ?" என்றார் மாமா, நம்பாமல்.

"ஒருத்தருக்கும்."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப விடும், வடிவாப் பாப்பம்" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அக்கா அவர் சட்டைக் கையை விடவே இல்லை.

வெகு நேரம் கழித்து அவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை இதுக்கு முந்தியும் இப்பிடிச் சொன்னவவோ? ஆருக்கும் தெரியாதெண்டு?"

"நிறைய தடவை சொன்னாங்க, அண்ணை. அந்தக் கல்கோட்டையில, மச்சு பிச்சுவில, தினமும்."

அவர் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். பயணம் முழுவதிலும் அவர் முகத்தில் இல்லாத ஒரு பரபரப்பு அப்போதுதான் வந்தது.

"ஐயோ தம்பி," என்றார், "அப்ப நான் ஒண்டையும் பாக்கேல்லை. எல்லாத்தையும் திரும்ப வந்து பாக்கவேணும்."